டொக்டர் வீடும் டொக்டர் அறையும்

சாவகச்சேரியில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் அந்தக் காலத்து டொக்டர்மாரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேரைச் சொல்வதற்கு முன் வீட்டைச் சொல்வார். இன்ன ஒழுங்கை, இன்ன வேலி, படலைக்குள் நுழைந்ததும் கறுத்தக்கொழும்பான் மாமரம், விறாந்தையில் நோயாளிகளுக்கென்று போட்ட நீள வாங்கு. இன்று அதே ஊரில் ஓர் இளம் தாயிடம் பிள்ளைக்கு யாரிடம் மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டால் "புதன்கிழமைக் கிளினிக்" என்பார், அல்லது அறை இலக்கத்தைச் சொல்வார். டொக்டரின் பேர் கிளினிக் கொப்பியின் ஓரத்தில் ஒரு கீறலாகக் கிடக்கும். வீட்டால் அறியப்பட்ட ஒருவர் அறையால் அறியப்படுகிறவராக மாற ஏறத்தாழ ஐம்பது வருடங்கள் பிடித்தன. இடையில் ஊரே ஒரு தடவை இடிந்து விழுந்து எழும்பியது.

விறாந்தை வாங்கில் இருந்தவர்களின் மடியில் ஒரு போத்தல் இருக்கும். மருந்துக்குப் போகிறவர் வெறும் போத்தலைக் கழுவிக் கொண்டுபோக வேண்டும் என்பது அன்றைய விதி. சாராயப் போத்தலைக் கொண்டுவந்தவரை டிஸ்பென்சர் ஒரு பார்வை பார்ப்பார். ஆனால் அதையும் வாங்கிக்கொள்வார். டொக்டர் எழுதிய துண்டைப் பார்த்துப் பெரிய கண்ணாடிச் சாடியிலிருந்து மிக்ஸரை ஊற்றுவார். ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதைக் காட்ட, பல் பல்லாக வெட்டிய வெள்ளைக் கடதாசிப் பட்டியைப் போத்தலின் பக்கத்தில் பசைபோட்டு ஒட்டிவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சியும் அந்தப் பல்லைப் பார்த்து அளவாகக் குடித்தார். இன்று குளிசைகளைப் போட்டுக் கொடுக்கிற சிறு கடதாசி உறையில் காலை, மதியம், இரவு என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் உயர் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் கொழுப்புக்குமாக ஐந்தாறு உறையோடு வீடு திரும்புகிற அதே வயது ஆச்சிக்கு எது எந்த வேளைக்கு என்பது குழம்பிவிடுகிறது. பேரப்பிள்ளை வந்து பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அரச ஆஸ்பத்திரியின் ஒழுங்கும் அன்று எளிமையானது. மாவட்ட வைத்திய அதிகாரி ஒருவர், ஊரார் வாயில் டி.எம்.ஓ. அவருக்குத் துணையாக ஓர் அப்போதிக்கரி, சில தாதியர், ஒரு மிட்வைஃப், காயங்களுக்குக் கட்டுப்போடுகிற ஓர் உதவியாளர். டி.எம்.ஓ.வின் குவாட்டர்ஸ் ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே இருக்கும். காலையில் வெளிநோயாளர் பிரிவில் இருமலும் வயிற்றோட்டமும் பார்த்த அதே கைதான் மத்தியானம் முறிந்த கையை நிமிர்த்தும். இரவில் குழந்தையின் தலை சிக்கிய பிரசவத்துக்கு ஆயுதம் பிடிக்கும். கிணற்றில் விழுந்து இறந்தவரின் உடலைத் திடீர் மரண விசாரணைக்காக வெட்டிப் பார்ப்பதும் அவரே. அவருக்கு மேலே அனுப்ப ஒரு இடமிருந்தது: பதினாறு கிலோமீற்றர் தள்ளி இருக்கிற யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. ஆனால் வாகனம் இல்லாத காலத்தில் அந்தப் பதினாறு கிலோமீற்றர் நீளமானது. ஆகவே தெரிந்ததைச் செய்தார். தெரியாததையும் புத்தகத்தைப் பார்த்துச் செய்தார். ஊரில் அவருக்குக் கிடைத்த மரியாதையின் பெரும்பகுதி இந்தத் தனித்த பொறுப்பிலிருந்து வந்தது.

இந்த மனிதர் எப்போது உருவானார் என்று தேடினால் மானிப்பாய்க்குப் போக வேண்டும். அமெரிக்க மிஷன் அனுப்பிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறுவருடம் மானிப்பாயில் வைத்தியசாலையும் அதோடு மருத்துவ வகுப்பும் தொடங்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல்தான் வந்தது. அதற்கு இரண்டு தசாப்தங்களுக்கு முன்பே இங்கே பிணம் அறுத்துப் படித்த பொடியன்கள் இருந்தார்கள். ஆரம்ப வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. படித்து முடித்தவர்கள் என்ன செய்தார்கள்? அரசாங்க உத்தியோகத்துக்கும் தெற்கே நகரங்களுக்கும் போய்விட்டார்கள். கிறீன் இதைக் கவனித்தார். 1862இல் இரண்டாம் முறை வந்த பின் கற்பிக்கும் மொழியைத் தமிழாக்கினார். தமிழில் படித்தவன் ஊரை விட்டுப் போகமாட்டான் என்பது அவர் கணக்கு. அதற்காகப் புத்தகங்கள் வேண்டுமே. மாணவர்களை வைத்துக்கொண்டு தானே மொழிபெயர்த்தார். அறுவை மருத்துவத்துக்கு 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது, உடற்கூற்றியலுக்கு 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல், இரசாயனத்துக்குக் 'கெமிஸ்தம்' 1875இல். மாணவர்கள் ஊர் உடையிலேயே வைத்தியம் பார்க்க வேண்டும் என்றும் அவர் விரும்பினார். அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் கற்றார்கள். தமிழில் கற்ற பலர் குடாநாட்டுக் கிராமங்களிலேயே தொழில் செய்தார்கள். 1873இல் அவர் அமெரிக்கா திரும்பிய பின் அந்தத் தமிழ் வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆங்கிலம் வென்றது, அரசாங்கப் பதிவு என்ற வாசலுக்குள் நுழைய அதுவே திறப்பாயிற்று.

கிறீனைத் தமிழ் வளர்த்தவர் என்று கொண்டாடுகிற கூட்டங்களில் இந்தக் கணக்கை யாரும் பேசுவதில்லை. அவருடைய தமிழ்ப்பற்று உண்மையானது. ஆனால் அதற்குள் ஒரு பூட்டும் இருந்தது. வெளியூரில் செல்லாத தகுதியைக் கொடுத்தால் ஆள் உள்ளூரில் நிற்பான். நோயாளிக்கு நல்லது, அந்தப் பொடியனுக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. டொக்டரை ஊரில் எப்படி நிறுத்திவைப்பது என்ற இந்தக் கேள்வியை 150 வருடங்களுக்குப் பின் கொழும்பில் சுகாதார அமைச்சும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆங்கில வைத்தியர் வந்ததால் பரியாரியார் போய்விடவில்லை. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் ஏட்டுக் கட்டாகச் சில வீடுகளில் இருந்தன. எலும்பு முறிவுக்கு ஒருவர், சிறுபிள்ளை நோய்க்கு ஒருவர், விசகடிக்கு ஒருவர் என்று சாவகச்சேரியைச் சூழ்ந்த தென்மராட்சியில் கிராமத்துக்குக் கிராமம் ஆட்கள் இருந்தார்கள். விசகடி வைத்தியர் காசு வாங்கக் கூடாது என்பது தொழிலோடு வந்த கட்டுப்பாடு. நடுச்சாமத்தில் படலையைத் தட்டினாலும் எழும்பி வரவேண்டும். வயல் வரம்பில் புடையன் கடித்தவரை இன்று நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். இந்தியாவில் செய்த விசமுறிப்பு மருந்தை நரம்பு வழியே ஏற்றுகிறார்கள். அந்த மருந்தே சில வேளை உடம்பைத் தூக்கியெறிகிற ஒவ்வாமையைக் கொடுக்கும் என்பதால் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். இரத்தம் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் விட்டு இருபது நிமிடம் காத்திருக்கிறார்கள். பிழைப்பவர்கள் அதிகம். ஆனால் பிழைத்தவர் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் வார்டு முழுவதற்கும் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

பரியாரியாரின் வழித்தோன்றல் வேறொரு உருவில் கைதடியில் இருக்கிறார். சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வழியில், யாழ். பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவ அலகு 1984இல் தொடங்கி இப்போது பீடமாகியிருக்கிறது. அருகே சித்த போதனா வைத்தியசாலை. தகப்பனின் பக்கத்தில் இருந்து மூலிகை இடித்துப் பழகிய தொழில் உயர்தரப் பரீட்சைப் புள்ளியால் தீர்மானிக்கப்படுகிற பட்டமாயிற்று. அங்கே படித்து வெளியேறுகிறவர்களும் வெள்ளை அங்கி அணிகிறார்கள், இரத்தப் பரிசோதனை அறிக்கை கேட்கிறார்கள், அரச நியமனத்துக்கு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பரியாரியாருக்கு நியமனக் கடிதம் தேவைப்பட்டதில்லை.

கையில் காசில்லாதவனும் டொக்டரிடம் போகலாம் என்ற நிலை 1951இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீங்கியதோடு உறுதியாயிற்று. 1971இல் வெளிநோயாளருக்கு 25 சதம் என்று ஒரு சீட்டு வந்து, 1977இல் போயிற்று. அந்த இடைக்காலத்தில் அரச டொக்டர்மார் வெளியே தனியார் வைத்தியம் பார்ப்பதும் தடைசெய்யப்பட்டிருந்தது. 1977இல் அதுவும் திரும்ப வந்தது. சாவகச்சேரி டொக்டரின் நாளை இரண்டாகப் பிளந்தது இந்தக் கடைசி மாற்றம்தான் என்று நினைக்கிறேன். நாலு மணிவரை அரசாங்கத்தின் ஆள், நாலு மணிக்குப் பின் தன்னுடைய ஆள். வீட்டு விறாந்தையில் பார்த்தபோது இந்தப் பிளவு கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு விறாந்தை தனியார் கிளினிக்காகி, கிளினிக் 'சனலிங்' நிலையமாயிற்று. அங்கே டொக்டரின் நேரம் இலக்கமாக விற்கப்படுகிறது. காலையில் கிளினிக்கில் இரண்டு நிமிடம் தந்தவர் பின்னேரம் சனலிங்கில் பத்து நிமிடம் தருகிறார் என்று ஊரில் ஒரு குறை உண்டு. குறையில் உண்மை இருக்கிறது. காலையில் நூறு பேர், பின்னேரம் பதினைந்து பேர் என்பதும் உண்மைதான்.

நோய்களும் மாறிவிட்டன. அன்றைய டொக்டருக்கு எதிரி வெளியிலிருந்து வந்தான்: நெருப்புக் காய்ச்சல், வயிற்றுளைவு, மலேரியா. கிணற்று நீரும் நுளம்பும் கொண்டுவந்தவை. வந்து சில நாளில் கொன்றன, அல்லது விட்டுப் போயின. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதென்றால் புகழ் டொக்டருக்கு. 1990களின் யாழ்ப்பாணத்தில் மலேரியா வராத வீடு குறைவு. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012இல் பதிவானார். 2016இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றது என்று அறிவித்தது. இன்றைய இளம் டொக்டர் மலேரியாவைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறார். வடகீழ்ப் பருவமழையோடு டெங்கு வருகிறது. மற்றபடி வருடம் முழுவதும் அவர் முன் வரிசையில் நிற்பவை நீரிழிவும் பிரஷரும் சிறுநீரகமும். இவை விட்டுப் போவதில்லை. மாதம் ஒருமுறை கொப்பியோடு வந்து, மருந்தோடு திரும்பி, அடுத்த மாதமும் வருகிறவை. பத்து வருடம் ஒழுங்காகக் கவனித்துப் பக்கவாதம் ஒன்றைத் தடுத்த டொக்டருக்கு யாரும் பலாப்பழம் கொண்டுவந்து கொடுப்பதில்லை. வராத பக்கவாதத்தை யார் கண்டார்கள்?

தாய்மாரின் கணக்கு இதைவிடத் தெளிவானது. 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் இறந்தார்கள். இப்போது சில பத்துப் பேர்தான். 1946இல் பிறந்த பிள்ளையின் ஆயுள் எதிர்பார்ப்பு நாற்பதைச் சற்றுத் தாண்டியது. இன்று எழுபத்தைந்துக்கு மேல். இந்த இறக்கத்தின் பெருமை தனி ஒரு டொக்டருக்குரியதல்ல. சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போன குடும்பநல மாதுக்கும், பென்சிலினுக்கும், இரத்த வங்கிக்கும், பள்ளிக்கூடம் போன பெண்பிள்ளைக்கும் அதில் பங்குண்டு. அன்று பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் விதி என்றார்கள். டி.எம்.ஓ. செத்த வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவார். இன்று ஒவ்வொரு தாய் மரணமும் பதிவாகி, குழு கூடி, எந்த மணிக்கு யார் என்ன செய்தார்கள் என்று விசாரிக்கப்படுகிறது. அந்த விசாரணை மேசையில் இருக்கிற டொக்டரின் மனநிலையும், செத்த வீட்டில் இருந்த டி.எம்.ஓ.வின் மனநிலையும் வேறு வேறு. தாய்மாரின் பக்கம் நின்று பார்த்தால் விசாரணைதான் நல்லது.

போர்க்காலம் டொக்டரிடம் வேறொன்றைக் கேட்டது: நிற்பாயா, போவாயா? 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டபோது நோயாளிகளோடும் ஊழியர்களோடும் டொக்டர்மாரும் இறந்தார்கள். 1989 செப்ரெம்பர் 21இல் மருத்துவபீட உடற்கூற்றியல் தலைவர் ரஜனி திராணகம பீடத்திலிருந்து வீடு திரும்புகையில் சுடப்பட்டார். அதன்பின் 1990இல் ரயில் நின்றது, மின்சாரம் நின்றது, மருந்துகள் தடைப்பட்டியலில் ஏறின. சத்திரசிகிச்சை அறைக்கு ஜெனரேற்றர் ஓட மண்ணெண்ணெய் தேடினார்கள். போகக்கூடிய டொக்டர்மார் போனார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனவர்கள் விட்ட இடைவெளியைப் பதிவுபெற்ற, உதவி மருத்துவ அதிகாரிகள், அதாவது பழைய அப்போதிக்கரியின் வாரிசுகள், நிரப்பினார்கள். பட்டம் இல்லாதவர் என்று பட்டதாரிச் சமூகம் ஒரு படி கீழே வைத்திருந்தவர்கள் அவர்கள். அக்காலத்தில் வன்னியிலும் தென்மராட்சியிலும் ஊரார் அவர்களையும் 'டொக்டர் ஐயா' என்றே அழைத்தார்கள்.

1995 ஒக்டோபர் 30இல் போர் நெருங்க வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குள் வந்தது. நாலைந்து லட்சம் பேர் என்று கணக்கிட்டார்கள். மழை. பள்ளிக்கூடங்கள், கோயில் மடங்கள், மாமரங்களின் அடி எல்லாம் நிரம்பின. ஒரு சிறுநகருக்கு அளவான ஆஸ்பத்திரியின் வாசலில் ஒரு மாவட்டம் நின்றது. அந்த மாதங்களில் இடம்பெயர்ந்து வந்த டொக்டரும் நோயாளியும் ஒரே கூரையின் கீழ் படுத்தார்கள். வரிசை கிடையாது, நேரம் கிடையாது. வீடு இழந்த டொக்டர் முதன்முறையாக வீட்டால் அறியப்படாதவரானார். ஐந்து வருடம் கழித்து அந்த முறை சாவகச்சேரிக்கு. 2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகளிடம் விழுந்ததைத் தொடர்ந்து மே மாதம் சண்டை ஊருக்குள் வந்தது. செப்ரெம்பரில் இராணுவம் திரும்பப் பிடித்தபோது சந்தை, கடைத்தெரு, பள்ளிக்கூடங்கள் என்று பெரும்பாலான கட்டடங்கள் சுவரும் மண்ணுமாகக் கிடந்தன. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் சனம் திரும்பி வந்து படலை இருந்த இடத்தைத் தேடியது. டொக்டர் வீடுகளில் சில திரும்பக் கட்டப்படவே இல்லை. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்தார்கள்.

போரின் முடிவில் இன்னொரு வேடமும் டொக்டருக்கு வந்து சேர்ந்தது. 2009இல் வன்னியில் கடைசிவரை நின்ற அரச வைத்தியர்கள் இறந்தவர்களின் எண்ணிக்கையை வெளியுலகுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். மே மாதம் கைதானார்கள். தடுப்பில் இருக்கையில் ஜூலையில் ஊடகவியலாளர் முன் கொண்டுவரப்பட்டு அந்த எண்களை மறுத்தார்கள். சாட்சி சொல்வது டொக்டரின் வேலையா என்று பழைய டி.எம்.ஓ.விடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ.

இன்றைய சாவகச்சேரியில் இருப்பது ஆதார வைத்தியசாலை. தனி டி.எம்.ஓ.வின் இடத்தில் ஒரு படிநிலை வந்திருக்கிறது: வைத்திய அத்தியட்சகர், நிபுணர்கள், வைத்திய அதிகாரிகள். பொது வைத்திய நிபுணரை வி.பி. என்பார்கள், மகப்பேற்று நிபுணரை வி.ஓ.ஜி. என்பார்கள். வயிற்றில் பிள்ளையும் சீனி வருத்தமும் சேர்ந்திருக்கிற பெண் இரண்டு அறைக்கும் போய்வர வேண்டும். ஒவ்வொருவரும் தம் பகுதியைப் பழைய டி.எம்.ஓ.வைவிடப் பல மடங்கு நன்றாகப் பார்க்கிறார்கள். முழு ஆளையும் பார்ப்பது யார் என்பதற்குத்தான் அறை இலக்கம் இல்லை. நோயாளியும் பழைய ஆளல்ல. இரத்த அறிக்கை கைக்கு வந்த கணமே அது வட்ஸ்அப்பில் ஸ்காபரோவிலுள்ள மருமகனுக்குப் போகிறது. அவருக்குத் தெரிந்த டொக்டர் ஒருவர் அங்கிருந்து இரண்டு மருந்தின் பேர் சொல்கிறார். மறுநாள் ஆச்சி அதைத் துண்டில் எழுதிக்கொண்டு வந்து, "தம்பி, இதையும் ஒருக்கால் போட்டுத் தரலாமோ?" என்று கேட்கிறார். முப்பது வயது டொக்டருக்கு முதலில் கோபம் வரும். பிறகு துண்டை வாங்கி வாசிப்பார். சில வேளை கனடாக்காரர் சொன்னதும் சரியாகத்தான் இருக்கும். பழைய டொக்டரிடம் இப்படி ஒரு துண்டை நீட்ட யாருக்கும் துணிவு வந்திராது, அது அவருக்கும் நல்லதாக இருக்கவில்லை.

2018 ஜூலையில் வடக்குக்கும் இலவச அம்புலன்ஸ் சேவை வந்தது. அழைக்க வேண்டிய இலக்கம் 1990. யாழ்ப்பாணத்தில் 1990 என்றால் ரயில் நின்ற வருடம், விளக்கு அணைந்த வருடம். அந்த இலக்கத்தை யார் தெரிவுசெய்தார்களோ, எங்களிடம் கேட்டிருக்கமாட்டார்கள். இப்போது கொடிகாமத்திலோ வரணியிலோ நெஞ்சுநோ வந்தால் அந்த இலக்கத்தைத் தட்டுகிறார்கள், வண்டி வருகிறது. டொக்டரின் படலையைத் தட்டும் பழக்கம் இத்தோடு ஏறக்குறைய முடிந்தது. நெஞ்சுநோக்காரருக்கு இதில் நட்டமில்லை. விறாந்தையில் ஈ.சி.ஜி. இயந்திரம் இருந்ததில்லை.

இந்த மாற்றத்துக்குள் அடங்கிக் கிடந்த ஏதோ ஒன்று 2024இல் வெளியே வந்தது. அந்த வருடம் ஜூனில் இராமநாதன் அர்ச்சுனா பதில் வைத்திய அத்தியட்சகராகச் சாவகச்சேரிக்கு வந்தார். சில வாரங்களுக்குள் முறைகேடு, அலட்சியம், இயங்கவேண்டிய பிரிவுகள் இயங்காமை என்று முகநூலில் குற்றச்சாட்டுகளை அடுக்கினார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மறுத்தார்கள். வைத்தியர்கள் அவருக்கு எதிராகப் பணியிலிருந்து விலகினார்கள். ஜூலையில் ஊர் அவருக்கு ஆதரவாகக் கடையடைத்து ஆஸ்பத்திரி வாசலில் திரண்டது. நவம்பரில் அவர் சுயேச்சையாக நின்று யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் போனார். யார் சொன்னதில் எவ்வளவு உண்மை என்பதை விசாரணைகளும் நீதிமன்றங்களும் பார்க்கட்டும். அந்தச் சனத்தைத்தான் நான் யோசிக்கிறேன். சாவகச்சேரி ஒரு டொக்டருக்காக வீதிக்கு இறங்கியது. அதிகாரியின் பேரும் முகமும் கைபேசித் திரையில், தங்கள் பேச்சுமொழியில், நேரே தங்களோடு பேசுவதாக அவர்களுக்குப் பட்டது. படலை உள்ள டொக்டர் திரும்பி வந்துவிட்டார் என்று ஊர் நினைத்தது. அவர் அப்படிப்பட்டவரா என்பது வேறு. அந்த எதிர்பார்ப்பு ஐம்பது வருடமாகச் சாகாமல் இருந்திருக்கிறது.

மற்றப் பக்கமும் உண்டு. ஊரில் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு, "எதுக்கெடுத்தாலும் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு" என்பது. அந்தத் துண்டை எழுதுகிற டொக்டரைக் கேட்டால், மயக்க மருந்து நிபுணர் இல்லாத இரவில் வயிற்றைத் திறப்பது வீரமல்ல என்பார். பழைய டி.எம்.ஓ. திறந்திருப்பார். பிழைத்தவர்கள் அவரைத் தெய்வம் என்றார்கள்; பிழைக்காதவர்கள் பேசவில்லை. அனுப்பிவிடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகவும் இருக்கலாம், பொறுப்பை உணர்ந்ததாகவும் இருக்கலாம். வெளியே நிற்கிறவருக்கு இரண்டும் ஒரே துண்டாகத்தான் தெரிகிறது. அதை விளக்கிச் சொல்ல டொக்டருக்கு நேரமில்லை; சொன்னாலும் நம்புகிற அளவுக்கு அவரை ஊருக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் இடமாற்றப் பட்டியல். மருத்துவப் பட்டதாரி உள்ளகப் பயிற்சி முடித்துத் தகுதி வரிசைப்படி நியமனம் பெறுகிறார். சில வருடத்தில் மாற்றலாகிறார். யாழ்ப்பாணத்தில் 1978இல் மருத்துவபீடம் தொடங்கியது முதல் உள்ளூர்ப் பிள்ளைகள் பலர் டொக்டரானார்கள்; ஆனால் நியமனம் நாடு முழுவதற்கும் பொது. காலியில் பிறந்த டொக்டர் சாவகச்சேரியில் தாதியின் மொழிபெயர்ப்போடு நோயாளியைப் பார்ப்பதும், வரணியில் பிறந்தவர் அனுராதபுரத்தில் கற்றுக்கொண்ட சிங்களத்தோடு பார்ப்பதும் இன்று சாதாரணம். நிபுணராக விரும்புகிறவர் கொழும்புப் பட்டப்பின் படிப்பு நிறுவனத்தில் படித்து, பிரித்தானியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ பயிற்சி எடுத்து வரவேண்டும். எல்லாரும் வருவதில்லை. 2022இல் ரூபாய் விழுந்து, மின்சாரமும் மருந்தும் தட்டுப்பாடாகிய பின் இரண்டு வருடத்துக்குள் நாட்டை விட்டுப் போன டொக்டர்மாரின் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. கிறீன் ஆங்கில வகுப்பை நிறுத்தியதற்குச் சொன்ன காரணம் அப்படியே இருக்கிறது; போகிற இடம்தான் தூரமாகிவிட்டது.

இழந்தவற்றைக் கணக்குப் பார்க்கிறபோது ஒன்றை மறந்துவிடுகிறோம். விறாந்தை டொக்டர் எந்நேரமும் ஊருக்குக் கிடைத்தார் என்றால், உள்ளே ஒரு பெண் சமைத்துக்கொண்டும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டும் படலை தட்டுகிற சத்தத்துக்கு விளக்கேற்றிக்கொண்டும் இருந்தாள் என்று பொருள். அவளுக்குச் சம்பளம் இல்லை, ஊர் நினைவிலும் இடமில்லை. ஆண் டொக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு நோயை மறைத்துவைத்த பெண்களுக்காக இணுவிலில் மிஷனைச் சேர்ந்தவர்கள் 1898இல் மக்லியோட் பெண்கள் வைத்தியசாலையைத் திறந்தார்கள். தென்மராட்சிப் பெண்கள் பலருக்கு அது எட்டாத தூரம். இன்று மருத்துவபீட வகுப்புகளில் பாதிக்கு மேல் பெண்கள். வெளிநோயாளர் பிரிவில் நோயாளிப் பெண் எதையும் மறைக்காமல் சொல்கிறாள், ஏனென்றால் எதிரே இருப்பவள் தன் வயதுப் பெண். அந்த டொக்டர் நாலு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பிள்ளையைக் கூட்டிவரப் போனால், "அந்தக் காலத்து டொக்டர்மார் இப்பிடி மணிக்கூடு பாக்கேல்லை" என்று வரிசையில் யாராவது சொல்வார்கள். சொல்கிறவர் பெரும்பாலும் ஆண்.

அரசாங்கம் இப்போது பழைய உறவைப் பதிவேட்டின் மூலம் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறது. 2018 அளவில் தொடங்கிய ஆரம்ப சுகாதாரச் சீர்திருத்தத்தின்படி ஒவ்வொரு குடும்பமும் அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலோ ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவிலோ பதிவாக வேண்டும். ஒரு தனி இலக்கம், ஒரு கோவை, வருத்தம் வருவதற்கு முன்பே இரத்த அழுத்தமும் சீனியும் பார்த்து வைத்தல், தேவைப்பட்டால் மட்டும் ஆதார வைத்தியசாலைக்கு அனுப்புதல். கடதாசியில் இது விறாந்தை டொக்டரின் தலைக்குள் இருந்த அதே விபரம்: தகப்பனுக்கு என்ன வருத்தம், தாய் எந்தப் பிரசவத்தில் கஷ்டப்பட்டாள், மூத்தவனுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. அவர் இறந்தபோது அவ்வளவும் அவரோடு எரிந்தது. கோவை எரியாது. ஆனால் வருட முடிவில் இடமாற்றப் பட்டியல் வருகிறது. புதுவருடத்தில் அதே கோவையைத் திறக்கிற புது டொக்டர், "ஆச்சி, உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று முதலிலிருந்து தொடங்குகிறார். ஆச்சியும் முதலிலிருந்து சொல்கிறார்.